பரலோக பஸ்ஸில் ஒரு தகராறு

எனக்கு இரண்டு தாத்தா. எல்லோருக்கும் இரண்டுதானே என்கிறீர்களா? வாஸ்தவம். ஆனால் என்னுடைய இரண்டு பேரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்துவிட்டால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்குத்தான்.

அப்பாவைப் பெற்றவர் ராணிப்பேட்டை. மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அம்மாவைப் பெற்றவர் மன்னார்குடி. மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், பரம்பரை மெதடிஸ்ட். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை கதீட்ரலில் ஆங்கிலிகன் சபை, மெதடிஸ்ட் சபை, ராணிப்பேட்டைக்காரர்கள் இருந்த தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் ஒன்றாகி சி.எஸ்.ஐ. என்று பெயர் வைத்துக்கொண்டன. சபைகள் சேர்ந்துவிட்டன. என் தாத்தாக்கள் சேரவில்லை!

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மன்னார்குடி தாத்தா எங்கள் வீட்டுக்கு வருவார். பிரியாணி தம்மில் இருக்கும்போது ஆரம்பிக்கும்.

"சம்பந்தி, இரட்சிப்புங்கிறது ஆதியோடந்தமா அவரோட வேலை. உலகம் உண்டாகிறதுக்கு முன்னாடியே யார் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டாரு. டிக்கெட் எடுத்து, கையைப் பிடிச்சு ஏத்தி, ஸீட்ல உட்கார வெச்சு, பரலோக ஸ்டாப்பிங்ல இறக்கி விடறதும் அவர்தான். நாம பண்ணினது என்ன? ஒண்ணுமில்லே" என்பார் கம்பவுண்டர்.

"டிக்கெட் அவர் எடுத்தது வாஸ்தவம் சம்பந்தி. நம்ம பையில ஏது காசு? ஆனா பஸ் எல்லாருக்கும்தானே நிக்குது? கூப்பிட்டா ஏறணுமா, வேண்டாமா? ஏறினவன் நடுவழியில இறங்கிப் போகமாட்டான்னு என்ன நிச்சயம்?" என்பார் வாத்தியார்.

"ஏறணும்னு புத்தியைக் கொடுக்கிறதே அவர்தானுங்க!"

"அப்ப ஏறாதவனுக்கு அந்த புத்தியைக் கொடுக்காம விட்டது யாரு?"

இந்த இடத்தில் ஒரு நிசப்தம் விழும். அதைக் கலைக்க என் சின்ன மாமா வருவார். மன்னார்குடி தாத்தாவின் கடைசிப் பிள்ளை. சின்ன வயசில் கொயரில் தனிப்பாட்டு பாடியவர். பிற்காலத்தில் கிராம்பு மென்று பிராந்தி வாசனையை மறைக்கப் பார்த்து, இரண்டு வாசனையும் சேர்ந்தே வருகிற நிலைமைக்கு வந்துவிட்டார். "பரலோக பஸ் இருக்கட்டும், மன்னார்குடிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்பார். எல்லோரும் சிரிப்போம். மன்னார்குடி தாத்தா மட்டும் சிரிக்க மாட்டார்.

இதெல்லாம் எதற்கு இப்போது ஞாபகம் வந்தது என்றால், 2023இல் ரோட்டர்டாமில் வேலை பார்க்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு நாள் தி ஹேக் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த ஊர் நாடாளுமன்ற வளாகத்துக்கு பின்னென்ஹோஃப் என்று பெயர். பழுது பார்க்கும் வேலை நடப்பதால் சுற்றிலும் வேலி. எதிரே ஒரு குளம். குளத்தங்கரையில் ஒரு பெரியவர் சிலை. யாரம்மா இவர் என்றேன்.

"இந்த நாட்டை உருவாக்கினவர்கள்ல ஒருத்தர்ப்பா. அதோ, அந்த வேலிக்கு உள்ளேதான் அவர் தலையை வெட்டினாங்க."

"என்ன பண்ணினாராம்?"

"அது பெரிய கதை. நம்ம தாத்தாங்க சண்டை போடுவாங்களே, அது மாதிரி ஒரு சண்டை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் வீட்டில் பிரியாணி ஆறிப்போனதோடு முடிந்த விவகாரத்துக்கு இங்கே தலை போயிருக்கிறதா? மகள் அலமாரியில் இருந்த புத்தகங்களை அன்று ராத்திரியே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

*

சண்டையைச் சொல்வதற்கு முன், இரண்டு கட்சியும் ஒப்புக்கொள்கிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1517இல் மார்ட்டின் லூத்தர் ஆரம்பித்து வைத்தது அது. பத்துக் கட்டளை, நோன்பு, தானதர்மம், இன்னபிற நற்கிரியைகளால் ஒருவன் கடவுளிடம் பாஸ் மார்க் வாங்க முடியாது. இரட்சிப்பு கிருபையால்தான். அப்படியானால் நியாயப்பிரமாணம் எதற்கு? ராணிப்பேட்டை தாத்தா தொழில் பாஷையில் சொல்வார்: "தெர்மாமீட்டர் ஜுரத்தைக் காட்டும். இறக்காது." இதில் புராட்டஸ்டண்டுகள் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை அடுத்த படியில். மருந்து கிருபைதான், சரி. அதை நோயாளி வாயைத் திறந்து வாங்கிக்கொள்ள வேண்டுமா, அல்லது வாயைத் திறக்க வைப்பதும் டாக்டரேவா? அப்படியென்றால் சில பேருக்கு மட்டும் ஏன் திறக்க வைக்கிறார்?

நமக்கு இது புதிசில்லை. வைணவத்தில் குரங்குக் குட்டியா, பூனைக் குட்டியா என்று கேட்டிருக்கிறார்களே, அதற்குப் பக்கத்து வீட்டுக் கேள்விதான் இது. குரங்குக் குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றது வடகலை. பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும் என்றது தென்கலை. அங்கேயும் விஷயம் கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று கோர்ட்டுப் படியேறியதாகச் சொல்வார்கள். யானையை யாரும் கேட்கவில்லை.

*

ஹாலந்து சண்டையின் ஹீரோ யாகோபஸ் அர்மினியஸ். (வில்லன் என்பவர்களும் உண்டு.) அவுடவாட்டர் என்ற சின்ன ஊர்க்காரர். குழந்தையாக இருக்கும்போதே அப்பா காலமானார். 1575இல் ஸ்பானிஷ் ராணுவம் அந்த ஊரைச் சூறையாடியபோது அம்மா, கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் கொல்லப்பட்டார்கள். இவர் வெளியூரில் படித்துக்கொண்டிருந்ததால் தப்பினார். "நான் மட்டும் ஏன் தப்பித்தேன்?" என்ற கேள்வி புத்தகத்திலிருந்து அவருக்கு வந்திருக்க வேண்டியதில்லை. இது என் ஊகம்.

லைடனில் படித்தார். அப்புறம் ஜெனீவாவுக்குப் போய், கால்வினின் வாரிசான பேசாவிடமே பாடம் கேட்டார். 1588இல் ஆம்ஸ்டர்டாமில் போதகர். அங்கே ரோமர் நிருபத்தைத் தொடர் பிரசங்கமாக எடுத்துக்கொண்டார். ஏழாம் அதிகாரம் வந்தது. நல்லது செய்ய ஆசை, செய்வதோ கெட்டது என்று ஒரு மனுஷன் புலம்புகிற அதிகாரம். சின்ன மாமா கேஸ்தான்! அந்தப் புலம்பல் இரட்சிக்கப்பட்ட விசுவாசியுடையது என்பது அந்தச் சபையில் வழக்கமான விளக்கம். அர்மினியஸோ, "இல்லை, அவன் இன்னும் நியாயப்பிரமாணத்தின் கீழே நிற்கிறவன். கிருபை வந்தவன் இப்படித் தோற்றுக்கொண்டே இருக்கமாட்டான்" என்றார். உடனே எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் முதல் ஆள் சக போதகர் பிளான்சியஸ். இவர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாளில் கடல் வரைபடம் என்று இருந்தவர். டச்சுக் கப்பல்கள் கிழக்கே வர வழி காட்டியவர்களில் ஒருவர். நம் பழவேற்காட்டுக்கு டச்சுக்காரன் வந்ததில் இவருக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

1601, 1602இல் ஆம்ஸ்டர்டாமில் பிளேக். ஓடிப்போகாமல் வீடு வீடாகப் போனார் அர்மினியஸ். அப்போது நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு நோயாளிகளைப் பற்றிச் சொல்கிறார். ஒரு பெண், ஒரு ஆண். இரண்டு பேரும் நல்ல விசுவாசிகள். இரண்டு பேருக்கும் ஒரே பயம். பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நிச்சயம் மனசுக்குள் கேட்கவில்லையே! மரணப் படுக்கையில் "நான் அந்த லிஸ்டில் இருக்கிறேனா?" என்று துடிக்கிறவர்களைப் பார்த்துவிட்டு வந்த மனுஷன் அவர். லிஸ்டைப் பற்றி அவர் வேறு மாதிரி யோசித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

அதே பிளேக்கில் லைடன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியர்கள் இரண்டு பேர் செத்துப்போனார்கள். காலியான இடத்துக்கு 1603இல் அர்மினியஸ் வந்தார். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர் கோமாரஸ். ஒரே ஸ்டாஃப் ரூம். கேட்க வேண்டுமா!

கோமாரஸைக் கொடுமைக்காரராக நினைத்துவிடாதீர்கள். மதத்துக்காக ஊரை விட்டுக் கிளம்பிய குடும்பம் அவருடையது. அவர் பக்கத்து வாதத்தில் கனம் உண்டு. நூற்றில் தொண்ணூற்றொன்பது கடவுள், ஒன்றே ஒன்று மனுஷன் என்று வைத்தால், சாகும்போது மனுஷன் அந்தத் தொண்ணூற்றொன்பதைப் பார்ப்பானா? "என் ஒன்று சரியாக இருந்ததா?" என்றுதான் தவிப்பான். முழுக்க அவர் கையில் விட்டால்தான் நிம்மதி. ஆக, இரண்டு பேருமே மரணப் படுக்கைக்கு ஆறுதல் தேடினவர்கள்தான். தேடின திசைதான் எதிர் எதிர்.

அர்மினியஸும் கிருபையைக் குறைத்துப் பேசவில்லை. அது முன்னால் வந்து தொடாவிட்டால் மனுஷனுக்கு ஒரு நல்ல எண்ணம்கூட வராது என்றுதான் சொன்னார். ஆனால் அதை வேண்டாம் என்று தள்ளிவிட மனுஷனால் முடியும். முடியாது என்றால், தள்ளியவன் பாவத்துக்கும் கடவுள் பேரைத்தானே எழுத வேண்டிவரும் என்றார். 1608இல் தி ஹேக்கில் உயர் நீதிமன்றத்தார் முன்னால் இருவரும் வாதாடினார்கள். இவருடைய கருத்தோடு கடவுள் முன் நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை என்றார் கோமாரஸ். அடுத்த வருஷம் அக்டோபர் 19ஆம் தேதி அர்மினியஸே கடவுள் முன்னால் போய்விட்டார். நோய். வயது ஐம்பதை ஒட்டி.

*

ஆள் போனால் சண்டை போகுமா? 1610இல் அர்மினியஸ் கட்சிப் போதகர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். ஐந்து அம்சம். கிறிஸ்து எல்லோருக்காகவும் மரித்தார், கிருபையைத் தடுத்துவிட முடியும் என்றெல்லாம் அதில் இருந்தது. எனக்குப் பிடித்தது ஐந்தாவது. ஒரு உண்மையான விசுவாசி பின்வாங்கிக் கெட்டுப்போக முடியுமா? "இதை வேதத்தில் இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது" என்று எழுதி விட்டுவிட்டார்கள்! இறையியல் தஸ்தாவேஜில் "தெரியவில்லை" என்று எழுதுகிறவர்களுக்கு நான் ஓட்டுப் போடுவேன். (பிற்பாடு அவர்களும் "முடியும்" என்று முடிவுகட்டிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.)

அடுத்த வருஷமே எதிர் விண்ணப்பம். இங்கேதான் நம் குளத்தங்கரைப் பெரியவர் வருகிறார். யோஹான் ஃபான் ஓல்டன்பார்னவெல்ட். இந்தப் பெயரை இன்னும் பத்துத் தடவை அச்சுக் கோத்தால் கம்பாசிட்டர் ராஜினாமா செய்துவிடுவார் என்பதால், பெரியவர் என்றே சொல்கிறேன். ஹாலந்து மாநிலத்தின் மூத்த அரசியல் தலைவர். ஸ்பெயினை எதிர்த்து நின்று நாட்டைக் கட்டியவர். 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி உருவானதற்கு முக்கியக் காரணம் அவர். 1609இல் ஸ்பெயினோடு பன்னிரண்டு வருஷச் சண்டை நிறுத்தம் செய்துவைத்தவரும் அவர்தான். அந்த நிறுத்தம் தளபதி மாரிட்ஸ் இளவரசருக்குப் பிடிக்கவில்லை. தளபதிக்குச் சண்டை இல்லாவிட்டால் எப்படி?

பெரியவருடைய மதக் கொள்கை சுருக்கம். ஒன்றும் அறியாதிருப்பதே பத்திரமான விசுவாசம் என்ற பொருளில் ஒரு லத்தீன் வரியை வைத்திருந்தார். இரண்டு தரப்பும் ஒரே சபையில் இருந்துவிட்டுப் போகட்டும், பிரசங்க மேடையில் மட்டும் இந்த ஆழமான சமாசாரங்களைக் கிளறாதீர்கள் என்று 1614இல் ஓர் உத்தரவு. எழுதிக் கொடுத்தவர் அவருடைய சிஷ்யர், பதினொரு வயசில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மேதை, ஹூகோ குரோஷியஸ்.

பேசாதே என்று சொன்னால் நாம் என்ன செய்வோம்? அதைத்தான் அவர்களும் செய்தார்கள். படகுக்காரன், பீர்க்கடைக்காரன் எல்லோரும் முன்குறித்தலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். தங்கள் ஊர்ப் போதகர் அர்மினியஸ் கட்சி என்றால், அடுத்த ஊர் கோவிலுக்குச் சேற்றில் நடந்தே போனார்கள் கோமாரஸ் கட்சிக்காரர்கள். "சேற்றுப் பிச்சைக்காரர்கள்" என்று கேலிப் பெயர். கேலி செய்தால் கூட்டம் கூடும். கூடியது.

மாரிட்ஸ் இளவரசர் இறையியல் படித்தவரல்ல. "முன்குறித்தல் பச்சையா நீலமா என்று எனக்குத் தெரியாது" என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. ஆனால் கூட்டம் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிந்தது. 1617 ஜூலையில் கோமாரஸ் கட்சியினர் பிடித்திருந்த கோவிலுக்கு ஆராதனைக்குப் போனார். பெரியவர் பதிலுக்கு, நகரங்கள் சொந்தமாகக் காவல் படை வைத்துக்கொள்ளலாம் என்று ஹாலந்தில் தீர்மானம் போடவைத்தார். தப்பு! தளபதிக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியது போல ஆகிவிட்டது. 1618 ஆகஸ்ட் 29. பெரியவர், குரோஷியஸ் எல்லோரும் கைது.

*

அப்புறம் தைரியமாக மாநாடு கூட்டினார்கள். 1618 நவம்பர் 13, டோர்ட்ரெக்ட் நகரம். இங்கிலாந்து, ஜெர்மன் சமஸ்தானங்கள், சுவிட்சர்லாந்து, ஜெனீவா என்று பல தேசத்துப் பண்டிதர்கள். பிரெஞ்சு ராஜா தன் ஆட்களை விடவில்லை. அவர்களுக்கு நாற்காலி போட்டுக் காலியாகவே வைத்திருந்தார்கள். பாஷை லத்தீன். மாதமோ பனிக்காலம்.

அர்மினியஸ் கட்சியார் பதின்மூன்று பேர் வந்தார்கள். பிரதிநிதிகளாக அல்ல, குற்றவாளிகளாக. தலைவர் எபிஸ்கோபியஸ். எந்த வரிசையில் விவாதிப்பது, யாருக்குக் கேள்வி கேட்கும் உரிமை என்பதிலேயே வாரங்கள் ஓடின. (நம் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் கூட்டம் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.) 1619 ஜனவரி 14ஆம் தேதி தலைமை தாங்கிய போகர்மனுக்குப் பொறுமை போயிற்று. பொய்யில் ஆரம்பித்துப் பொய்யில் முடித்தீர்கள், போங்கள் என்று லத்தீனில் கத்தி வெளியே அனுப்பிவிட்டார். வந்த வெளிநாட்டுக்காரர்களில் சிலருக்கே அது ரசிக்கவில்லை.

மொத்தம் 154 அமர்வு. ஐந்து அம்சத்துக்கும் ஐந்து பதில். அவற்றுக்கு இங்கிலீஷ் பேசுகிறவர்கள் இருபதாம் நூற்றாண்டில் முதலெழுத்துக்களைக் கோத்து "டூலிப்" என்று பெயர் வைத்தார்கள். ஹாலந்துப் பூ பொருத்தமாக அமைந்துவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு வெறும் முள் என்று நினைத்துப் படித்த எனக்கு இரண்டு இடத்தில் அதிர்ச்சி. ஒன்று, விசுவாசிகளின் குழந்தை சின்ன வயசில் இறந்தால், அது தெரிந்துகொள்ளப்பட்டதா என்று பெற்றோர் சந்தேகப்படக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று, விசுவாசி விழுவான், தாவீதும் பேதுருவும் விழுந்த மாதிரி பலமாகவே விழுவான். ஆனால் கடவுள் அவனை முழுக்கக் கைவிட்டுவிட மாட்டார் என்று. எழுதினவர்களும் வீட்டில் சாவு பார்த்தவர்கள்தான் போலிருக்கிறது.

அதே ஆட்கள் தரப்பில்தான் சுமார் இருநூறு போதகர்களுக்கு வேலை போனது. கையெழுத்துப் போட மறுத்தவர்களை நாடு கடத்தினார்கள். சிறையில் தற்கொலை செய்துகொண்ட ஓர் அதிகாரியின் பிணத்தைச் சவப்பெட்டியோடு தூக்கு மரத்தில் தொங்கவிட்டார்கள்.

வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு 1619 மே 9ஆம் தேதி மாநாடு முடிந்தது. நாலே நாள். மே 13ஆம் தேதி பெரியவருக்குச் சிரச்சேதம். வயது 71. முந்தின ராத்திரி மாநாட்டுப் பிரதிநிதியான வலாயஸ் என்ற போதகர் ஆறுதல் சொல்ல வந்தார். அவரிடம் ஒரு சொல் கொடுத்து மாரிட்ஸிடம் அனுப்பினார் பெரியவர். தவறு ஏதும் செய்திருந்தால் மன்னிக்கவும் என்று. அவ்வளவுதான். உயிர்ப்பிச்சை கேட்டாரா என்று மாரிட்ஸ் விசாரித்தார். கேட்கவில்லை. காலையில் கைத்தடி ஊன்றிக்கொண்டு மேடை ஏறினார். நான் துரோகி அல்ல என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். வெட்டுகிறவனைப் பார்த்து, சீக்கிரம் முடி என்றார்.

நாலு வருஷம் கழித்து, அப்பாவுக்காகப் பழி வாங்க மாரிட்ஸைக் கொல்லச் சதி செய்து மாட்டிக்கொண்டார்கள் அவருடைய பிள்ளைகள். ஒருவர் தப்பிவிட்டார். மாட்டிய பிள்ளைக்கு மன்னிப்புக் கேட்டு விதவைத் தாய் மாரிட்ஸிடம் போனார். "உங்கள் கணவருக்காக அன்றைக்கு நீங்கள் கேட்கவில்லையே?" என்றாராம் அவர். "அவர் குற்றமற்றவர். இவன் குற்றவாளி. அதனால் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றாராம் அந்த அம்மாள். பலரும் சொல்லி வருகிற கதை. பிள்ளையின் தலையும் போயிற்று. கிருபை என்றால் என்ன, நியாயப்பிரமாணம் என்றால் என்ன என்று 154 அமர்வில் பேசியதை அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

*

குரோஷியஸுக்கு ஆயுள் தண்டனை. லோவெஸ்டைன் கோட்டை. இரண்டு பெரிய ஆறுகள் கூடுகிற முனையில், சுற்றிலும் தண்ணீர். நாங்கள் படகில் போய்ப் பார்த்தோம். மனைவி மரியாவும் அவரோடு கோட்டையிலேயே வந்து தங்கினார். படிக்கப் புத்தகம் வேண்டுமே? பெரிய மரப்பெட்டியில் எதிர்க்கரையிலிருந்து புத்தகம் வரும், படித்தது திரும்பப் போகும். ஆரம்பத்தில் காவலாளிகள் திறந்து பார்த்தார்கள். எத்தனை நாளைக்குத்தான் லத்தீன் புத்தகத்தைத் திறந்து திறந்து பார்ப்பது? விட்டுவிட்டார்கள். மரியா இதைக் கவனித்தார்.

1621 மார்ச் 22. பண்டிதர் பெட்டிக்குள். கட்டிலைச் சுற்றித் திரை, நாற்காலியில் அவருடைய உடுப்பு. தூக்கிய சிப்பாய், "என்ன இந்தக் கனம் கனக்குது, உள்ளே அர்மினியன் எவனாவது இருக்கானா?" என்றானாம். "அர்மினியன் புத்தகம்தான்" என்றாராம் மரியா. எல்ஸ்யே என்ற இளம் வேலைக்காரப் பெண் பெட்டியோடு படகில் அக்கரை போய்ச் சேர்த்தாள். அங்கிருந்து கொத்தனார் வேஷத்தில் ஆண்ட்வெர்ப், பிறகு பாரிஸ். நாலு வருஷத்தில் எழுதிய புத்தகம், போருக்கும் சமாதானத்துக்கும் சட்டம் உண்டு என்ற புகழ்பெற்ற நூல், இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் அவர் பெயர் சொல்லாமல் சர்வதேசச் சட்டம் ஆரம்பிக்காது.

கோட்டையில் அந்தப் பெட்டியைக் காட்டினார்கள். பரவசப்பட்டு நின்றேன். அடுத்த வாரம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இன்னொரு பெட்டி! அதுவும் அதேதானாம். ஒரு பண்டிதர், இரண்டு பெட்டி. இதிலும் இரண்டு கட்சி.

*

1625இல் மாரிட்ஸ் செத்தபின் பிடி தளர்ந்தது. ஓடிப்போனவர்கள் திரும்பி வந்தார்கள். சில வருஷத்தில் ஆம்ஸ்டர்டாமில் கோவிலே கட்டினார்கள். அந்தச் சபை இன்றைக்கும் இருக்கிறது.

சண்டை கடல் தாண்டி இங்கிலாந்து போயிற்று. ஜான் வெஸ்லி அர்மினியஸ் பக்கம். அவருடைய அருமை நண்பர் வைட்ஃபீல்ட் எதிர்ப்பக்கம். 1739இல் வெஸ்லி செய்த ஒரு பிரசங்கத்தால் முறிந்தது நட்பு. பிறகு ஒட்டிக்கொண்டது. 1770இல் வைட்ஃபீல்டுக்கு இரங்கல் பிரசங்கம் செய்தவர் வெஸ்லியேதான். 1778இல் வெஸ்லி ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். பெயர்? "அர்மினியன் மேகஸின்"!

வெஸ்லியை ஓட ஓட விரட்டியவர் டாப்லடி என்ற போதகர். புகைபோக்கி துடைக்கிறவரோடு நான் சண்டை போடுவதில்லை என்று வெஸ்லி ஒதுங்கினார். 1776இல் டாப்லடி ஒரு கட்டுரையில் கணக்குப் போட்டார். விநாடிக்கு ஒரு பாவம் என்றால் எண்பது வயதில் 252 கோடியே 28 லட்சத்து 80 ஆயிரம் பாவம். (நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். சரிதான். லீப் வருஷத்துக்கு மட்டும் மன்னிப்புக் கொடுத்திருக்கிறார்.) இந்தக் கடனை நீ அடைப்பாயா என்று கேட்டு, கட்டுரை முடிவில் ஒரு பாட்டை வைத்தார். அதுதான் நம் கோவில்களில் பாடும் "பிளவுண்ட மலையே".

வெஸ்லியின் ஆட்கள் மன்னார்குடிக்கு வந்தார்கள். டோர்ட்ரெக்ட் தீர்ப்பைத் தன் விசுவாசப் பிரமாணங்களில் ஒன்றாக வைத்திருக்கிற, டச்சு வேர் உள்ள அமெரிக்கச் சபையின் ஆட்கள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அதனால்தான் எங்கள் வீட்டில் பிரியாணி ஆறியது.

*

சின்ன மாமா 1978இல் போனார். ஈரல் கெட்டுவிட்டது. அடக்கத்தில் "பிளவுண்ட மலையே" பாடினார்கள். மன்னார்குடி தாத்தா பாடவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவர் படித்த படிப்பின்படி, ஏறினவன் இறங்கிப் போகலாம். மாமா இறங்கிப் போனதை ஊரே பார்த்திருந்தது.

ராணிப்பேட்டை தாத்தா மூன்று நாள் கூடவே இருந்தார். அதிசயமாக வாயே திறக்கவில்லை. அவர் படிப்பிலும் ஒரு கதவு உண்டல்லவா? "அவன் முதலிலிருந்தே லிஸ்டில் இல்லை" என்ற கதவு. அந்தப் பக்கம் யாரும் போய்விடக் கூடாதே என்று பயந்தாரோ என்னவோ.

மூன்றாம் நாள் ராத்திரி. திண்ணையில் இரண்டு பேர். நான் வாசற்படியில்.

"சம்பந்தி" என்றார் மன்னார்குடி தாத்தா. "நீங்க ஒண்ணு சொல்வீங்களே… ஒரு தடவை பிடிச்சா அவர் விடமாட்டாருன்னு."

"ஆமாங்க."

"முப்பது வருஷமா அது தப்புன்னு சொல்லிட்டிருக்கேன்."

"ஆமாங்க சம்பந்தி."

"அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

ராணிப்பேட்டை தாத்தா உடனே சொல்லவில்லை. மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "பையன் கொயர்ல பாடினானே, அன்னைக்கே பிடிச்சுட்டாருங்க. இவன் கையை உதறியிருக்கலாம். அவர் விடலே" என்றார்.

அம்மா இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுப் போனாள். விடிகாலையில் நான் எழுந்து வந்து பார்த்தபோது இரண்டும் அப்படியே ஏடு கட்டிக் கிடந்தன. தாத்தாக்கள் இரண்டு பேரும் திண்ணையிலேயே, ஒரே பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.